ஆற்றுப்படையும் கணினி விளையாட்டும்: வேளாங்கண்ணி நடைப்பயணத்தை மாணவர் திட்டமாக வடிவமைத்தல்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்த்துறை மாணவர்கள் ஒரு பருவக் காலத்துக்குள் எளிய கணினி விளையாட்டு ஒன்றைத் திட்டமிட்டு உருவாக்குவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்குச் செல்லும் பாதயாத்திரை இதற்குரிய பொருளாகக் கொள்ளப்படுகிறது. 1971இல் அமெரிக்க மாணவர் மூவர் வரலாற்று வகுப்புக்காக உருவாக்கிய ‘ஒரிகன் டிரெயில்’ முன்னோடியாக நோக்கப்படுகிறது. சங்க இலக்கிய ஆற்றுப்படைகளின் நிபந்தனைத் தொடரமைப்பு விளையாட்டு விதியின் அமைப்போடு ஒப்பிடப்படுகிறது. விளையாட்டின் ஒவ்வொரு விதியும் ஒரு கூற்று. கூற்றாயின் அதற்குச் சான்று வேண்டும். ஆகவே விதிகளுக்கு உரை எழுதுவதே இத்திட்டத்தை ஆய்வாக்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கணினி விளையாட்டு, ஆற்றுப்படை, சிறுபொழுது, பாதயாத்திரை, வேற்றுமையுருபு, விதியுரை.

முன்னுரை

வீடியோ கேம் என மக்கள் வழக்கில் வழங்குவதை நிகழ்பட விளையாட்டு, காணொளி விளையாட்டு, கணினி விளையாட்டு எனப் பலவாறு தமிழாக்கி எழுதி வருகின்றனர். இவற்றுள் கடைசிச் சொல்லையே இக்கட்டுரை ஆள்கிறது. இங்கு எடுத்துக்கொண்ட வகையில் படம் இன்றியமையாததன்று என்பதே அதற்குக் காரணம். எழுத்தும் தேர்வும் விளைவும் இருந்தால் போதும், விளையாட்டு அமைந்துவிடும்.

தமிழ்த்துறைகளில் கணினித்தமிழ் இன்று பாடமாக இடம்பெற்றுள்ளது. எனினும் அப்பாடத்தின் வழி வரும் மாணவர் திட்டங்கள் பெரும்பாலும் சொல்லடைவு, அகராதி, பிழைதிருத்தி என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. விளையாட்டு என்றவுடன் அது பொறியியல் மாணவர்க்குரியது என்னும் எண்ணம் எழுகிறது. இலக்கியம் பயின்றவர் பங்கு கதை எழுதித் தருவதோடு முடிந்துவிடும் என்று கருதுவாரும் உளர். இவ்விரண்டும் பொருந்தா எண்ணங்கள். விளையாட்டின் உயிர் கதையில் இல்லை, விதியில் உள்ளது. விதியை வகுப்பதற்கோ நிரலறிவினும் பொருளறிவே முதலில் வேண்டும்.

மூன்று மாணவரும் இரண்டு வாரமும்

மாணவர் திட்டமாகத் தோன்றி உலகறிந்த விளையாட்டான ‘ஒரிகன் டிரெயி’லின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1971ஆம் ஆண்டு மின்னசோட்டா மாநிலக் கார்ல்டன் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் டான் ராவிட்ச், மினியாபொலிஸ் நகரப் பள்ளியொன்றில் பயிற்சியாசிரியராக எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பித்தார். 19ஆம் நூற்றாண்டில் மேற்கு நோக்கி மாட்டுவண்டிகளில் குடிபெயர்ந்தோரின் பயணத்தை மாணவர் மனங்கொள்ளுமாறு கற்பிக்க விரும்பிய அவர், முதலில் அதைப் பலகை விளையாட்டாகவே வரைந்தார். உடன் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பர்கர் ஆகிய இருவரும் கணிதம் பயின்றவர்கள். இதைக் கணினியில் அமைக்கலாம் என்று அவர்கள் கூறவே, இரண்டு வாரத்தில் பேசிக் மொழியில் நிரல் உருவாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் வகுப்பறையில் மாணவர்கள் அதை முதன்முதலாக ஆடினர். திரை கிடையாது, தொலைதட்டச்சுப் பொறியில் காகிதத்தின்மேல் சொற்கள் அச்சாகும். வேட்டையாட வேண்டுமாயின் ‘பேங்’ என்னும் சொல்லை விரைவாகத் தட்டச்சிட வேண்டும். விரைவே குறிபார்க்கும் திறனாகக் கணக்கிடப்பட்டது.

இவ்வரலாற்றில் நமக்கு மிகவும் பயன்படும் பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. 1974இல் மின்னசோட்டாக் கல்விக் கணினிக் கூட்டமைப்பில் பணியேற்ற ராவிட்ச், அந்நிரலை மீண்டும் உள்ளிட்டார். முதல் வடிவில் நோய், புயல், வண்டி முறிவு முதலிய இடர்கள் நேரும் வாய்ப்பு ஊகத்தால் அமைந்திருந்தது. குடிபெயர்ந்தோர் எழுதிவைத்த நாட்குறிப்புகளைப் படித்து, எந்த இடர் எத்துணை முறை பதிவாகியுள்ளது என்று கண்டு, அதற்கேற்ப அவ்வெண்களைத் திருத்தியமைத்தார். வகுப்பறைப் பொழுதுபோக்கு ஆவணச் சான்றுடைய வரலாற்று மாதிரியாக மாறியது அப்போதுதான். திருத்தம் நிகழ்ந்தது நிரலின் நுட்பத்தில் அன்று, எண்களின் ஆதாரத்தில்.

தமிழ்சார்ந்த விளையாட்டுகளில் அண்மைக்காலத்தில் பெயர்பெற்றது டொராண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலை 31இல் வெளியிட்ட ‘வெண்பா’. இது மாணவர் திட்டம் அன்று. ஆயினும் சிறிய பொருளை எடுத்துக்கொண்டு ஆழ்ந்து செல்லும் முறைக்கு எடுத்துக்காட்டாகும். 1988இல் கனடாவில் தொடங்கும் இக்கதையில், தாயின் சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்டலி முதலியவற்றைச் சமைப்பது ஆடுவோர் கடமை. சிதைந்த ஏட்டில் விடுபட்ட பகுதியைப் பொருளறிவாலும் வழக்கறிவாலும் மீட்பது பதிப்பாசிரியர் செயலன்றோ? கும்பகோணத்தில் இருந்துகொண்டு உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுக்கு (1889) ஏடு தேடிய நிலத்தில் வாழும் மாணவர்க்கு இவ்விளையாட்டின் விதி அயலானதாகத் தோன்றாது. ‘வெண்பா’ 2024இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகத்தின் அறிமுக விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

ஆற்றுப்படையின் தொடரமைப்பு

பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், பெறாது வறுமையுற்று எதிர்வருபவனிடம் வழி கூறுவதாக அமைவது அவ்வகை. தொல்காப்பியப் புறத்திணையியல் இதன் இலக்கணத்தைச் சுட்டுகிறது. கணினி விளையாட்டின் நோக்கில் இவ்வகையில் கருதத்தக்கவை இரண்டு.

ஒன்று, முன்னிலை. பாடல் ‘நீ’ என்றோ ‘நீவிர்’ என்றோ கேட்போனை அழைத்து அவன் மேற்கொள்ளவிருக்கும் பயணத்தை முன்கூட்டியே சொல்கிறது. எழுத்துவழிக் கணினி விளையாட்டுகளும் முன்னிலையையே பெரிதும் கையாளுகின்றன. மற்றொன்று, நிபந்தனை. ‘இவ்வழிச் செல்லின் இன்னது காண்பீர், இன்னாரிடம் சென்று இவ்வாறு கூறின் இன்னது பெறுவீர்’ என்னும் அமைப்பே ஆற்றுப்படையின் முதுகெலும்பு. நிபந்தனை வினையெச்சமும் எதிர்கால முற்றும் சேர்ந்த இத்தொடரை நிரலாக்கத்தில் ‘எனில் – ஆயின்’ என்னும் கட்டளையோடு ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதே. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் பரதவர் மீனும், வேலூரில் எயினர் இறைச்சியொடு புளிச்சோறும், ஆமூரில் உழவர் நண்டொடு வெண்சோறும் தருவர். ஊர், மக்கள், உணவு என மூன்று நிரல்கள் கொண்ட அட்டவணையாகவே இதை எழுதிவிடலாம். மாணவர் முதல் வாரத்தில் செய்யத்தக்க பயிற்சி இதுவே: ஓர் ஆற்றுப்படையை எடுத்து, அதிலுள்ள நிபந்தனைத் தொடர்களை மட்டும் பிரித்து அட்டவணையிடுதல்.

மலைபடுகடாம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. 583 அடிகள் கொண்ட அப்பாட்டில் வழியின் இனிமைக்கு நிகராக இடர்களும் கூறப்படுகின்றன. பன்றிக்கு வைத்த பொறி, குழிகளில் உறையும் பாம்பு, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் நீர்க்கரை ஆகியவற்றைச் சொல்லி, ஒவ்வொன்றையும் தவிர்க்கும் முறையையும் கூத்தர்க்கு உரைக்கிறது. வழி பிரியும் இடத்தில் பின்வருவோர் அறியுமாறு புல்லை முடிந்து வைக்குமாறு கூறும் பகுதி தனித்து நோக்கத்தக்கது. ஒருவர் செய்த தேர்வு அடுத்தவர் ஆடும் ஆட்டத்தின் நிலையை மாற்றுகிறது. இன்றைய வடிவமைப்பாளர் மிகவும் விரும்பும் உத்தி இது.

வேறுபாடும் உண்டு. ஆற்றுப்படையில் தோல்வி இல்லை. புறப்பட்டவன் வள்ளலை அடைவான், பரிசும் பெறுவான். விளையாட்டுக்கோ அடையாமற்போகும் வாய்ப்பு வேண்டும்; இல்லையேல் தேர்வுக்குப் பொருளில்லை. இவ்விடத்தில் திருமுருகாற்றுப்படை கைகொடுக்கிறது. வள்ளலின் இடத்தில் இறைவனை வைத்ததன் மூலம், பரிசில் பெறும் பயணத்தை அருள் நாடும் பயணமாக அது மாற்றியது. வேளாங்கண்ணி நடைப்பயணமும் இம்மரபில் வைத்து எண்ணத்தக்கதே. நேர்த்திக்கடன் செலுத்தி மீண்டவர் சொல்லக் கேட்டு அடுத்த ஆண்டு புறப்படுவோர் பலர்.

வழியும் பொழுதும்

வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னைப் பேராலயம் தஞ்சை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1962இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அதற்குப் பேராலயத் தகுதி வழங்கினார். ஆண்டுப் பெருவிழா ஆகஸ்ட் 29 மாலைக் கொடியேற்றத்தோடு தொடங்கிச் செப்டம்பர் 8இல் நிறைவுறும். கொடியேற்றத்துக்கு முன்னும் விழா நாள்களிலும் காவியுடை உடுத்து, அன்னையின் உருவம் வைத்த சிறு சப்பரத்தை இழுத்துக்கொண்டு, தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் நடந்து வருகின்றனர். கிறித்தவர் அல்லாதாரும் இவர்களுள் உளர்.

தஞ்சாவூரிலிருந்து அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி சேரும் சாலையைத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தொடக்கமும் முடிவும் சேர எட்டு ஊர்கள். கணக்கின் எளிமைக்காகத் தொலைவை 96 கி.மீ. எனக் கொள்வோம். திருவாரூர்த் தியாகராசர் கோயிலும் சிக்கல் முருகன் கோயிலும் இவ்வழியில் உள்ளன; நாகூர்த் தர்கா சற்றே வடக்கில் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியில் சாலையின் இருமருங்கும் குறுவை முற்றி நிற்கும் வயல்களையும் சம்பாவுக்கு ஆயத்தமாகும் வயல்களையும் காணலாம்.

விளையாட்டில் காலத்தை எவ்வாறு அளப்பது? மணிக்கணக்கில் அளந்தால் தேர்வுகள் பெருகி ஆடுவோர் சலிப்படைவர். நாள்கணக்கில் அளந்தால் வெயிலுக்கும் இருளுக்கும் இடமிராது. நம் மரபின் சிறுபொழுதுப் பகுப்பு இதற்கு அளவெடுத்ததுபோல் அமைந்துள்ளது. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். ஒரு பொழுதுக்கு ஒரு தேர்வு: நடத்தல் அல்லது தங்குதல். ஆகஸ்ட் 26 வைகறையில் புறப்பட்டு 29 மாலைக்குள், அதாவது கொடியேறுமுன், சேர வேண்டும் என்று வைத்தால் ஆடுவோர் கையில் 22 பொழுதுகள் உள்ளன.

எளிய விதித்தொகுதி ஒன்றை இனி அமைப்போம். ஒரு பொழுது நடந்தால் 12 கி.மீ. கடக்கும், களைப்பு 2 கூடும். நண்பகலில் நடந்தால் களைப்பு 4 கூடும். தங்கினால் 1 குறையும். யாமத்தில் உறங்கினால் 2 குறையும். களைப்பு 6ஐத் தாண்டும் பொழுதில் கடக்கும் தொலைவு பாதியாகும்.

இதைக் காகிதத்தில் ஆடிப்பார்த்தாலே ஒன்று விளங்கும். நாள்தோறும் வைகறையிலும் காலையிலும் நடந்து மற்ற நான்கு பொழுதும் தங்கினால், களைப்பு ஒவ்வோர் இரவும் சுழியத்துக்கு வந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 24 கி.மீ. வீதம் நான்காம் நாள் காலைக்குள் 96 கி.மீ. முடிந்துவிடும். இவ்வழியைக் கண்டுகொண்டவருக்குப் பிறகு தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. விதி உண்டு, விளையாட்டு இல்லை.

இப்போது குழுவில் ஒரு முதியவரைச் சேர்ப்போம். அவரோடு நடந்தால் பொழுதுக்கு 8 கி.மீ.தான். 96 கி.மீட்டருக்கு 12 பொழுது நடக்க வேண்டும், நாளுக்கு மூன்று. வைகறை, காலை, மாலை என நடந்தால் முதல் நாள் முடிவில் களைப்பு 2, இரண்டாம் நாள் முடிவில் 4. மூன்றாம் நாள் வைகறை நடையில் 6ஐத் தொட்டு, காலை நடையில் வரம்பைத் தாண்டிவிடும். அந்நேரத்தில் கடந்திருப்பது 56 கி.மீ.; குழு திருவாரூரை அணுகியிருக்கும். முதியவரைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவதா, கொடியேற்றத்தை விடுவதா, வரம்பு மீறி நடப்பதா என்ற வினா அங்கே எழுகிறது.

வேறு வகையாக நடந்தால் தப்பலாமோ எனின், இயலாது. 12 நடைக்குக் குறைந்தது 24 களைப்பு சேரும். எஞ்சிய 10 பொழுதுகளில் யாமம் மூன்று. மிகுதியாகக் குறையக்கூடியது மூன்று யாமத்துக்கு 6, ஏனைய ஏழுக்கு 7, ஆக 13. மிச்சம் 11. வரம்போ 6. ஆகவே புறத்திலிருந்து உதவி வந்தாலொழிய முதியவரோடு உரிய நேரத்தில் சேர முடியாது. சாலையோரத் தண்ணீர்ப் பந்தலிலோ மோர்ப் பந்தலிலோ அன்னதானத்திலோ தங்கினால் களைப்பு மேலும் 2 குறையும் என்றொரு விதியைச் சேர்த்தால், குறைந்தது மூன்று இடங்களிலாவது அவ்வுதவியை ஏற்றாக வேண்டும்.

இங்கு நிகழ்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘வழிநடைப்போர் பிறர் விருந்தோம்பலால் வாழ்கின்றனர்’ என்று விளையாட்டில் எங்கும் எழுதவில்லை. எண்கள் அதைச் சொல்கின்றன. ஆற்றுப்படைகள் அடிதோறும் சொல்வதும் இதுவே. வேளாங்கண்ணி மரபுரைகளிலும் நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டு சென்ற சிறுவன், வழிப்போக்கர்க்கு மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன் என வழியில் அருந்தக் கொடுப்பவரே முதலிடம் பெறுகின்றனர்.

சோழி

தேர்வு மட்டுமே உள்ள விளையாட்டுக்கு ஆடுபுலி ஆட்டம் சான்று. மூன்று புலியும் பதினைந்து ஆடும் ஆடுவோர் மதிநுட்பத்தையன்றி வேறெதையும் சார்ந்தன அல்ல. தற்செயல் மட்டுமே உள்ளதற்குப் பரமபதம் சான்று. ஏணியும் பாம்பும் ஆடுவோரைக் கேட்டு வருவதில்லை. பயணம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. புறப்படும் பொழுது நம் கையில் உள்ளது; மழை நம் கையில் இல்லை.

நிரல் எழுதுமுன் காகிதத்தில் ஆடும்போது தற்செயலுக்கு ஆறு சோழிகளைப் பயன்படுத்துவது நல்லது. பகடையில் ஒவ்வோர் எண்ணும் சம வாய்ப்புடையது, சோழியில் அவ்வாறில்லை. ஒவ்வொரு சோழியும் இருபுறமும் சமமாக விழும் எனக் கொண்டால், 64 வகை விழுக்காடுகளில் மூன்று சோழி மல்லாந்து விழுவது 20 முறை; இரண்டும் நான்கும் 15 முறை வீதம்; ஒன்றும் ஐந்தும் 6 முறை வீதம்; ஒன்றுமின்மையும் ஆறும் ஒருமுறை வீதம். அன்றாடம் நிகழ்வதை நடுவிலும் அரிதாய் நிகழ்வதை ஓரங்களிலும் வைத்துவிட்டால் இடர் அட்டவணை தானே அமைந்துவிடும். மூன்று விழுந்தால் நிகழ்ச்சி ஒன்றுமில்லை. இரண்டுக்கு மாலைத் தூறல். நான்குக்கு வழித்துணை கிட்டுதல். ஒன்றுக்குச் சப்பரத்தின் சக்கரம் பழுதாதல் என்றிவ்வாறு. உண்மையான சோழி சமமாக விழுவதில்லை. துறையிலுள்ள சோழிகளை நூறுமுறை வீசிப்பார்த்து எண்ணிக்கொள்வது மாணவர்க்கு நிகழ்தகவைக் கற்பிக்கும் எளிய வழியுமாகும்.

கதைக்கிளைகளைப் பற்றி ஒரு சொல். ஒவ்வொரு தேர்வுக்கும் கதை இரண்டாகப் பிரிந்தால் பத்துத் தேர்வுக்குப் பின் 1024 முடிவுகள் எழுத வேண்டிவரும். கல்லணைக்குக் கீழே காவிரி பிரிவதுபோல் பிரிந்துகொண்டே போகும் கதையை நான்கு மாணவர் ஒரு பருவத்தில் எழுதி முடிக்க இயலாது. ஊர்கள் எட்டும் எல்லார்க்கும் பொதுவாக இருக்கட்டும்; வந்துசேரும் பொழுதும் களைப்பும் துணையும் மட்டும் வேறுபடட்டும். அவ்வாறாயின் ஊருக்கு ஆறு பத்தி வீதம் 48 பத்திகள் எழுதினால் போதும்.

சேர்க்கத் தகாதவை

விதி ஒரு கூற்று என்றோம். தவறான கூற்றை நூலில் எழுதினால் படிப்பவர் மறுக்க முடியும். விளையாட்டின் விதியாக வைத்தால் ஆடுபவர் அதைக் கூற்றென்றே அறியாமல் ஏற்றுப் பழகிவிடுவார். ‘ஒரிகன் டிரெயில்’ பல்லாண்டுக் காலம் குடியேறியோர் பார்வையிலேயே அமைந்து, அந்நிலத்தின் பழங்குடியினரைப் பின்புலமாகவோ இடராகவோ காட்டியது என்னும் கண்டனம் எழுந்தது. 2021இல் வெளியான புதிய பதிப்பில் அமெரிக்கப் பழங்குடி வரலாற்றறிஞர்களின் கருத்தைக் கேட்டு அப்பகுதிகளை மாற்றியமைத்தனர். ஐம்பது ஆண்டுகள் கழிந்தே அம்மாற்றம் வந்தது.

நம் திட்டத்தில் இத்தகைய இடங்கள் மூன்று. முதலாவது, பக்திக்கு மதிப்பெண் தருவது. செபித்தால் களைப்பு குறையும் என்று விதி வகுத்தால் அது நம்பிக்கை பற்றிய கூற்றாகிவிடும். குறையாது என்று வகுத்தாலும் அவ்வாறே. ஆதலின் வேண்டுதலைத் தொடக்கத்தில் ஆடுவோரே எழுதிக்கொள்ளட்டும். எந்த விதியும் அதைத் தொடலாகாது. நிறைவேறிற்றா என்று விளையாட்டு சொல்லவும் கூடாது. இரண்டாவது, பந்தல் அமைப்போரின் சமயமோ சாதியோ உதவியின் அளவைத் தீர்மானிக்கும் எண்ணாக மாறுவது. களச்சான்று எதுவும் இதற்கு இடந்தருமுன் மாணவர் ஊகம் இடந்தந்துவிடக் கூடும். வழிகாட்டும் ஆசிரியர் விழிப்போடிருக்க வேண்டிய இடம் இது. மூன்றாவது, 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் வேளாங்கண்ணிக் கரையில் திருப்பயணிகள் பெருந்தொகையினர் உயிரிழந்தனர். சோழியின் ஓரத்து எண்ணுக்கு ‘அரிய நிகழ்ச்சி’ தேடும் மாணவர்க்கு அது நினைவில் வரலாம். ஆகஸ்டுப் பயணத்துக்கு அது பொருந்தாது என்பது ஒருபுறம் இருக்க, உற்றாரை இழந்தோர் வாழும் ஊரில் அந்நாளைத் தற்செயல் அட்டவணையின் ஒரு வரியாக்குவது முறையன்று. அந்நிகழ்வைப் பற்றி விளையாட்டு அமைக்க வேண்டுமாயின் அது தனித்திட்டமாக, வேறு நோக்கோடு அமைய வேண்டும்.

உருபும் சாரியையும்

பொறியியல் மாணவர் தடுமாறுவதும் தமிழ் மாணவர் எளிதிற் கடப்பதுமான பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் உருவான விளையாட்டுக் கருவிகள், தொடரின் நடுவே வெற்றிடம் விட்டு அதில் பெயரை நிரப்பும் முறையை எதிர்பார்க்கின்றன. ஊர்ப்பெயரோடு ‘க்கு’ என்பதை ஒட்டினால் அம்மாபேட்டைக்கு, கொரடாச்சேரிக்கு, வேளாங்கண்ணிக்கு என மூன்று ஊர்கள் சரியாக வரும். நீடாமங்கலமோ ‘நீடாமங்கலம்க்கு’ என்றாகிவிடும். நாகப்பட்டினத்துக்கும் அதே நிலை. மகரவீற்றுப் பெயர் அத்துச்சாரியை பெற வேண்டும். திருவாரூர், கீழ்வேளூர், தஞ்சாவூர் ஆகிய ரகரவீற்றுப் பெயர்கள் உகரம் பெற வேண்டும். இரண்டாம் வேற்றுமையில் வேளாங்கண்ணி யகர உடம்படுமெய் பெறும். ஆக, எட்டே ஊர்களில் மூன்று புணர்ச்சி வகைகள்.

இதற்கு இரு தீர்வுகள். புணர்ச்சி விதிகளை நிரலாக எழுதுவது ஒன்று. அதுவே தனி ஆய்வேடாகும் அளவுக்கு விரியும். ஊரையும் பாத்திரத்தையும் முன்னரே வரையறுத்து, ஒவ்வொன்றின் வேற்றுமை வடிவங்களையும் அட்டவணையில் எழுதி வைப்பது மற்றொன்று. சிறு திட்டத்துக்குப் பின்னதே ஏற்றது. ஆடுவோரைத் தம் பெயர் எழுதச் சொல்லாமல் ‘நீங்கள்’ என்று அழைத்தால் ஆண்பால் பெண்பால் வினைமுற்றுச் சிக்கலும் நீங்கும்.

எழுத்தைக் காட்டுவதிலும் சிக்கல் உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறிகள். உரையாடல் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் தோன்றும் உத்தியை ஒருங்குறிக் கணக்கில் இயக்கினால் ‘ம’ முதலில் தோன்றிப் பின்னரே ‘மி’ ஆகும். ‘ழ’ தோன்றிப் பின்னர் புள்ளி பெறும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் நம் கணக்கையே நிரலுக்குக் கற்பிக்க வேண்டும். கட்டற்ற விளையாட்டு இயந்திரமான கோடோ, 2023இல் வந்த நான்காம் பதிப்பில்தான் தமிழ் போன்ற எழுத்துகளைச் சிதையாமல் கோத்துக் காட்டும் அமைப்பைப் பெற்றது. அதற்கு முந்தைய பதிப்புகளில் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும்.

நிரலனுபவம் இல்லாத குழுவுக்கு ட்வைன் என்னும் கருவி போதுமானது. கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்ட இக்கட்டற்ற கருவியில் பத்திகளை எழுதிக் கோட்டால் இணைத்தால் விளையாட்டு உருவாகும். களைப்பு, தொலைவு, பொழுது போன்ற எண்களையும் நினைவில் வைத்திருக்கும். வெளியீடு ஒரே எச்டிஎம்எல் கோப்பாக அமைவதால் இணையமின்றிக் கைப்பேசி உலாவியிலேயே ஆடலாம். எழுத்துகளைக் கோக்கும் பொறுப்பையும் உலாவியே ஏற்றுக்கொள்ளும்.

விதிக்கு உரை

இத்திட்டத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே துறைகள் எழுப்பும் வினா. விளையாட்டு இனிமையாக உள்ளதா என்பது ஆய்வுக்கு அளவுகோலாகாது. நூற்பாவும் உரையுமாக நூல் செய்த மரபு நம்முடையது; அதையே இங்கும் கைக்கொள்ளலாம். விதிகளை எண்ணிட்டு நூற்பாப்போல் சுருக்கமாக எழுதி, ஒவ்வொன்றன் கீழும் உரை வரைய வேண்டும். ‘நண்பகலில் நடந்தால் களைப்பு 4 கூடும்’ என்பது விதியாயின், எத்தனை திருப்பயணிகளிடம் எந்நாளில் எங்கே கேட்கப்பட்டது, எத்தனை பேர் நண்பகலில் நடப்பதைத் தவிர்த்தனர், மாறாகக் கூறியவர் யார் என்பன உரையில் வர வேண்டும். மேலே தந்த எண்கள் யாவும் கணக்கை விளக்க வகுத்தவையே. களச்சான்றைப் பெற்ற பின்னர் அவை மாறியே தீரும். சான்று கிடைக்காத விதியை உரையில் அவ்வாறே குறித்து, விளையாட்டிலிருந்து நீக்குவதா வைப்பதா என்று காரணம் காட்டி முடிவு செய்ய வேண்டும். தகவலாளி பெயரைத் தவிர்த்து வயது, புறப்பட்ட ஊர், எத்தனையாவது நடைப்பயணம் என்பவற்றை மட்டும் பதிவு செய்வது போதும்.

கால அட்டவணை களப்பணியைச் சார்ந்தது. நடைப்பயணம் ஆகஸ்ட் இறுதியில் நிகழ்வதால், ஜூன் இறுதியில் தொடங்கும் ஒற்றைப் பருவமே ஏற்றது. ஜூலையில் ஆற்றுப்படை அட்டவணையும் காகித ஆட்டமும். ஆகஸ்ட் 20க்குமேல் சாலையில் களப்பணி. செப்டம்பரில் எண்களைத் திருத்தி எழுதுதல். அக்டோபரில் ட்வைனில் அமைத்துப் பிற துறை மாணவரை ஆடவைத்துப் பார்த்தல். ஆடுவோர் அருகில் அமர்ந்து விளக்கம் தரக் கூடாது; அவர் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும். ஆட்டம் முடிந்ததும் ‘இவ்விளையாட்டு பாதயாத்திரையைப் பற்றி என்ன சொல்கிறது?’ என்ற ஒரே வினாவைக் கேட்கலாம். அவர் விடையையும் குழுவின் விதியுரையையும் அருகருகே வைத்து நோக்கினால் விதி பேசியதா, பேசவில்லையா என்பது தெரியும். நடந்து சென்ற திருப்பயணிகள் சிலரிடமேனும் ஆடக் கொடுத்துக் கேட்பது இதனினும் பயனுடையது.

நிறைவாக ஒரு நடைமுறைக் குறிப்பு. 1971ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தபோது ‘ஒரிகன் டிரெயி’லின் நிரல் கணினியிலிருந்து அழிக்கப்பட்டது. அழிக்குமுன் ராவிட்ச் அதைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துச் சென்றிருந்தார். 1974இல் அவர் மீண்டும் தட்டச்சிட்டது அத்தாளைப் பார்த்துத்தான். மாணவர் திட்டங்கள் மடிக்கணினி மாறும்போதே மறைந்துபோவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கோப்பின் படியோடு, விதிகளும் உரையும் வேற்றுமை அட்டவணையும் களக்குறிப்பும் அச்சிட்டுக் கட்டப்பட்ட ஒரு படி, ஏனைய ஆய்வேடுகளைப் போலவே வரிசை எண் பெற்றுத் துறை நூலகத்தில் வைக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அச்சாலைக்குச் செல்லும் குழு அங்கிருந்து தொடங்கும்.